முழங்காலுக்கு எத்தனை வீதம் கழிவு?

மருதனார்மடம் சந்தையில் விடியற்காலையில் நின்று வியாபாரம் பார்த்தவர்களுக்குக் "கழிவு" என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. இணுவில், உடுவில், ஏழாலை, புன்னாலைக்கட்டுவன் பக்கத் தோட்டங்களிலிருந்து கத்தரியும் கரட்டும் கோவாவும் வந்து இறங்கும். தராசில் 100 கிலோ நிறுத்தால் 90 கிலோவுக்குத்தான் காசு. மீதி 10 கிலோ கழிவு. மூட்டையின் அடியில் அழுகல் இருக்கலாம், மண் ஒட்டியிருக்கலாம், லொறியில் போகும்போது நீர் வற்றி எடை குறையலாம் என்பது வியாபாரியின் நியாயம். நல்ல மரக்கறி கொண்டுவந்தவனுக்கும் ஏன் அதே வெட்டு என்பது விவசாயியின் கேள்வி. இந்த வழக்கு யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் வருடக்கணக்காக நடந்துவருகிறது. இரண்டு பக்கத்திலும் ஓரளவு நியாயம் இருப்பதால்தான் அது தீராமல் கிடக்கிறது.

இந்த வாரம் கழிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் கத்தரிக்காய்க்குப் போடும் கழிவைப் பற்றி அல்ல. ஒரு விளையாட்டு வீரனின் முழங்காலுக்குப் போடும் கழிவைப் பற்றி.

சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து பின்னர் ஊர் திரும்பியவர், ஒருநாள் அஸருக்குப் பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய இளைய மகன் நல்ல உதைபந்தாட்டக்காரன். கொழும்புக் கழகம் ஒன்று அவனைத் தேர்வுப் பயிற்சிக்கு அழைத்திருக்கிறது. எட்டு மாதங்களுக்கு முன்னர் முழங்காலில் தசைநார் கிழிந்து சத்திரசிகிச்சை செய்த பையன் அவன். இப்போது ஓடுகிறான், ஆனால் கடுமையாக ஆடினால் மறுநாள் முழங்கால் வீங்குகிறது. "போற அன்டைக்குக் காலையில ஒரு ஊசி போட்டா நோவே தெரியாது" என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"நானா, முழங்கால் விசயத்தச் சொன்னா எடுக்க மாட்டாங்க. சொல்லாம விட்டா அது ஏமாத்தா? சொன்னா எவ்வளவு கொறையும்?" என்று கேட்டார்.

மூன்று கேள்விகள். இது வர்த்தகப் பக்கம் என்பதால் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் ஆள் சந்தை

காயத்துக்கும் போதைப்பொருள் சந்தேகத்துக்கும் எத்தனை வீதம் வெட்டு என்பது உலகமே பார்க்கத் தீர்மானமாகும் இடம் ஒன்று உண்டு. அதுதான் அமெரிக்க உதைபந்தாட்டத்தின் வருடாந்த வீரர் தெரிவு. அது நமது உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிற, ரக்பிக்கு நெருங்கிய ஆட்டம். ஆனால் அந்தச் சந்தையின் கணக்கு நமக்கு நன்றாகப் புரியும்.

32 கழகங்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் மாதத்தில், பல்கலைக்கழக அணிகளில் ஆடி முடித்த இளைஞர்களை அவை ஏழு சுற்றுகளில் வரிசையாகத் தெரிவு செய்கின்றன. முந்திய பருவத்தில் கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் தெரிவு. எந்தக் கழகத்துக்குப் போவது என்று இளைஞன் தீர்மானிக்க முடியாது. ஏலம் கூறுவதும் இல்லை. 2011ஆம் ஆண்டின் தொழில் உடன்படிக்கைக்குப் பின்னர் எத்தனையாவது ஆளாகத் தெரிவானால் ஏறத்தாழ எவ்வளவு சம்பளம் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வரிசையில் ஒவ்வொரு படி இறங்குவதும் கையிலிருந்து காசு போவதுதான்.

தெரிவுக்கு முன்னர், பெப்ரவரி கடைசியில், முந்நூறுக்கு மேற்பட்ட இளைஞர்களை இண்டியானாபொலிஸ் நகரத்துக்கு அழைத்துப் பரிசோதிக்கிறார்கள். தொலைக்காட்சியில் காட்டுவது ஓட்டமும் பாய்ச்சலும்தான். ஆனால் கழகங்களுக்கு முக்கியமானது மருத்துவ அறை. 1980களில் இந்த ஒன்றுகூடல் தொடங்கியதே, ஒவ்வொரு கழகமும் தனித்தனியாக வைத்தியச் செலவு செய்யாமல் எல்லாரும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான். கழகத்து வைத்தியர்கள் முழங்காலையும் தோளையும் இழுத்து, முறுக்கிப் பார்ப்பார்கள். படம் எடுப்பார்கள். சிறுநீர் மாதிரியும் வாங்குவார்கள். சாக்குக்குள் கம்பியைக் குத்தி அரிசி எடுத்துப் பார்க்கிற அதே வேலைதான்.

காயமும் போதையும் சந்தையில் இரண்டு வேறு வகைக் குறைகள். காயம் அளக்கக்கூடிய குறை. எந்த நார், எத்தனை அங்குலம், எத்தனை மாதம் என்று ஒரு வைத்தியர் ஓரளவு சொல்லிவிடுவார். போதைப்பொருள் நம்பிக்கை சம்பந்தமான குறை. இவன் மீண்டும் செய்வானா, நாளைக்கு இவனுக்குத் தடை வந்தால் நான் கொடுத்த காசு என்னாவது, இவன் வேறு எதை மறைக்கிறான் என்று கேள்வி வளர்ந்துகொண்டே போகும். அளக்க முடியாத குறைக்குச் சந்தை எப்போதும் கூடுதலாகவே வெட்டும். சில சமயம் தேவைக்கு மிக அதிகமாக.

பத்து நிமிடத்தில் போன மில்லியன்கள்

2016 ஏப்ரல் 28. சிக்காகோ நகரில் தெரிவு தொடங்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் இருக்கின்றன. லாரமி டன்சில் என்ற இளைஞன் முதல் ஆறேழு பேருக்குள் போவான் என்று பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவனுடைய ட்விட்டர் கணக்குக்குள் யாரோ புகுந்து ஒரு காணொளியைப் போட்டுவிட்டார்கள். முகமூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு அவன் கஞ்சா புகைக்கிற பழைய காட்சி அது.

ஆறாவது இடத்தில் இருந்த பால்டிமோர் கழகம் அவனை விட்டுவிட்டு, அதே நிலையில் ஆடும் இன்னொருவரை எடுத்தது. எட்டாவது தெரிவிலும் அவன் இல்லை. கடைசியில் 13ஆவது ஆளாக மியாமி கழகம் எடுத்தது. ஆறாவது ஆளுக்கு நான்கு வருட ஒப்பந்தம் ஏறத்தாழ 20 மில்லியன் டொலர். 13ஆவது ஆளுக்கு 12 மில்லியனுக்குச் சற்று மேல். ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில் ஏழெட்டு மில்லியன் டொலர் கழிவு!

அந்தக் கழிவு நியாயமானதா என்பதற்குப் பின்னாளைய கணக்கு பதில் சொன்னது. 2019இல் ஹூஸ்டன் கழகம் அவரைப் பெறுவதற்காக இரண்டு முதற்சுற்றுத் தெரிவு உரிமைகளையும் அதற்கு மேலும் கொடுத்தது. 2020இல் மூன்று வருடங்களுக்கு 66 மில்லியன் டொலர் ஒப்பந்தம். 2023இல் மீண்டும் மூன்று வருடங்களுக்கு 75 மில்லியன். அன்று பயந்து விலகியவர்கள் நல்ல சரக்கைக் கைவிட்டார்கள். இன்னொன்றும் நடந்தது. 2020ஆம் ஆண்டின் புதிய தொழில் உடன்படிக்கையில், கஞ்சாப் பரிசோதனையில் அகப்பட்டதற்காக மட்டும் ஒரு வீரனுக்கு ஆட்டத் தடை விதிப்பதை அந்த லீக் கைவிட்டது. சட்டம் மாறினால் அதே குறையின் விலையும் மாறிவிடுகிறது. (ஹராம் ஹராம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் இங்கே சொல்வது சந்தைக் கணக்கை மட்டும்.)

மறைப்பதற்கும் தனியாக ஒரு வெட்டு உண்டு. 2017இல் ரூபன் பொஸ்டர் என்பவர் முதல் பத்துப் பேருக்குள் வருவார் என்று பேசப்பட்டது. தோளில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அதன்மேல், இண்டியானாபொலிஸில் அவர் கொடுத்த சிறுநீர் மாதிரி நீர்த்துப் போயிருந்தது. வயிற்றுக் கோளாறினால் அதிகம் தண்ணீர் குடித்தேன் என்றார். இருக்கலாம். ஆனால் பாலில் தண்ணீர் கலந்தவனின் விளக்கத்தை எந்த வியாபாரி முழுதாக நம்புவான்? அவருடைய நடத்தை பற்றிய வேறு முறைப்பாடும் இருந்தது. எல்லாம் சேர்ந்து அவரை 31ஆவது இடத்துக்குத் தள்ளின.

படம் பார்த்தவனும் மூட்டைக்குள் பார்த்தவனும்

இந்தக் கட்டுரையில் வியாபாரிகள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜெய்லன் ஸ்மித் நோட்ரடாம் பல்கலைக்கழக அணியின் நட்சத்திர வீரர். 2016 ஜனவரி முதலாம் திகதி, தன் கடைசிப் பல்கலைக்கழக ஆட்டத்தில் முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. நரம்பும் பாதிக்கப்பட்டது. பாதத்தை மேலே தூக்கவே முடியாத நிலை. நரம்பு மீளுமா, எப்போது மீளும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதல் ஐந்து பேருக்குள் வருவார் என்று பேசப்பட்டவரை முதற்சுற்றில் எந்தக் கழகமும் தொடவில்லை.

இரண்டாம் சுற்றில், 34ஆவது ஆளாக டலஸ் கழகம் எடுத்தது. மற்றவர்களுக்கு இல்லாத தைரியம் டலஸுக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவரே அந்தக் கழகத்தின் வைத்தியர்தான்! மற்றக் கழகங்கள் மூட்டையை வெளியே நின்று பார்த்தன. டலஸ் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்திருந்தது. முதல் வருடம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2017இல் களமிறங்கினார். 2019இல் 64 மில்லியன் டொலர் வரை போகக்கூடிய ஐந்து வருட நீடிப்புக் கிடைத்தது. அதன் பிறகு ஆட்டம் தளர்ந்து 2021இல் அதே கழகம் அவரை விடுவித்தது. ஆகவே முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 34ஆவது ஆளுக்கான சம்பளத்துக்கு டலஸுக்குக் கிடைத்தது நிச்சயம் நட்டமான சரக்கு அல்ல.

அதே தெரிவில் மைல்ஸ் ஜேக் என்பவரும் முழங்கால் சந்தேகத்தால் 36ஆவது இடம் வரை சரிந்தார். அவரும் பல வருடங்கள் நன்றாக ஆடினார்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. மார்கஸ் லட்டிமோர் அற்புதமான ஓட்டக்காரர். 2011இல் ஒரு முழங்கால் போனது. 2012இல் மற்றையது மூட்டே விலகிச் சிதைந்தது. 2013இல் சான் பிரான்சிஸ்கோ கழகம் நான்காம் சுற்றில், மலிவாக, ஒரு நம்பிக்கையில் எடுத்தது. 2014 நவம்பரில், ஒரேயொரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் அவர் ஓய்வை அறிவித்தார். அந்தக் கழகத்துக்கு அது தாங்கக்கூடிய நட்டம், ஏனென்றால் கழிவு முன்பே வெட்டப்பட்டிருந்தது. நட்டம் முழுவதும் அந்த இளைஞனுடையது.

இத்தகைய சரிவுக்கு எதிராக அங்கே காப்புறுதியும் விற்கிறார்கள். காயத்தால் எதிர்பார்த்த இடத்திலிருந்து குறித்த அளவுக்குக் கீழே போனால் நட்டஈடு. ஸ்மித் அப்படி ஒன்றை எடுத்திருந்ததால் பல இலட்சம் டொலர் பெற்றார். வழமையான காப்புறுதியில் உள்ள மார்க்கப் பிரச்சினைகளை வாசகர்கள் அறிவீர்கள். இதற்குத் தகாஃபுல் வடிவம் ஒன்று அமைக்க முடியுமா என்பதை அத்துறையில் உள்ளவர்கள் யோசிக்கட்டும்.

வதந்திக்கும் ஒரு விலை

டான் மரினோ என்ற பெயரை அமெரிக்காவில் கேட்டால் தாத்தாமார் எழுந்து நிற்பார்கள். 1983ஆம் ஆண்டுத் தெரிவில் அவர் போதைப்பொருள் பாவிக்கிறார் என்று ஒரு கதை உலாவியது. நிரூபணம் எதுவும் வெளிவரவில்லை. ஆனாலும் அவருடைய நிலையில் ஆடும் வேறு ஐந்து பேரை எடுத்த பின்னரே, 27ஆவது ஆளாக அவர் போனார். பின்னாளில் அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவராகி, அதன் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார்.

வதந்திக்குக் கழிவு போட்டால் என்னவாகும் என்று மருதனார்மடத்தாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் சந்தை வியாபாரிகளுக்குக் கொரோனாத் தொற்று உறுதியாகிச் சந்தை மூடப்பட்டபோது, செய்திகளில் நாள்தோறும் "மருதனார்மடம் கொத்தணி" என்றே சொன்னார்கள். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தவர் ஒருவர் என்னிடம், "கடிதத்த நெத்தியில ஒட்டிக்கொண்டு திரிஞ்சாலும் ஆக்கள் தள்ளித்தான் நிண்டவை" என்றார். தொற்று உண்மை. ஆனால் இந்த ஊர் என்பதற்காக எல்லாருக்கும் ஒரே வெட்டுப் போட்டதைத்தான் 10 வீதக் கழிவோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். பரிசோதிக்கச் செலவு செய்ய விரும்பாதவன் எல்லாருக்கும் பொதுவாக வெட்டுகிறான்.

நமது பக்கத்துக் கதைகள்

இந்தியன் சுப்பர் லீக்கில் 2017 ஜூலை 23ஆம் திகதி மும்பாயில் உள்நாட்டு வீரர் தெரிவு நடந்தது. அங்கே வீரர்களுக்கு விலை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. கழகங்கள் முறைப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் ஆளாகத் தெரிவானவர் மலப்புறம் மாவட்டத்து அனஸ் எடத்தொடிக்கா. ஒரு காலத்தில் முச்சக்கர வண்டி ஓட்டிய நமது சகோதரர். விலை 1 கோடி 10 இலட்சம் இந்திய ரூபா. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதே ஜம்ஷெட்பூர் கழகம் எடுத்த கோல்காப்பாளர் சுப்ரதா பால் பற்றி. அந்த வருடம் மார்ச் மாதம் எடுத்த மாதிரியில் டெர்பியூட்டலின் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாக ஏப்ரலில் செய்தி வந்தது. சுவாசக் குழாயைத் தளர்த்தும் மருந்து அது. இருமல் பாணிகள் சிலவற்றில் இருக்கும். இருமலுக்குக் குடித்த மருந்தில் வந்தது என்று அவர் விளக்கம் சொன்னார். மூன்று மாதங்களில் தெரிவு. அமெரிக்கக் கணக்குப்படி பார்த்தால் அவரை யாரும் தொட்டிருக்கக்கூடாது. ஆனால் 87 இலட்சத்துக்கு எடுத்தார்கள். அந்தப் பருவத்தின் சிறந்த கோல்காப்பாளர் விருதையும் அவரே பெற்றார். எந்தப் பொருள், எப்படி உடம்புக்குள் வந்தது என்று தெரிந்தால் சந்தை மன்னிக்கவும் செய்கிறது. மறுபுறம், அனஸுக்குச் சமமான விலைக்குக் கொல்கத்தா எடுத்த யூஜின்சன் லிங்டோ, எந்தச் சந்தேகமும் இல்லாமல் போனவர், முழங்கால் காயத்தால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். எவ்வளவு சோதித்தாலும் நாளைக்கு நடப்பது அல்லாஹ்வின் நாட்டம்.

கிரிக்கெட்டுக்கு வந்தால், யாழ்ப்பாணமே நேரடியாகச் சம்பந்தப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. வனிந்து ஹசரங்கவை 2022இல் பெங்களூர் அணி 10 கோடி 75 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுத்தது. பின்னர் விடுவித்தது. 2023 டிசம்பர் ஏலத்தில் ஹைதராபாத் அணி அவரை 1 கோடி 50 இலட்சத்துக்கு வாங்கியது. அந்த இறக்கத்துக்குக் காயம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாங்கிய பின்னர் குதிக்கால் காயத்தால் அவர் 2024 போட்டிகளில் ஒன்றிலும் ஆட முடியவில்லை. அவருக்குப் பதிலாக 50 இலட்சத்துக்கு அழைக்கப்பட்டவர் யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த். மே 8ஆம் திகதி லக்னோ அணிக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினார். ஒருவருடைய குதிக்கால் இன்னொருவருக்குக் கதவு திறந்தது. ஹசரங்கவும் அத்தோடு முடிந்துபோகவில்லை. 2024 நவம்பரில் ஜித்தா நகரில் நடந்த ஏலத்தில் ராஜஸ்தான் அணி 5 கோடி 25 இலட்சம் கொடுத்தது.

காயமும் மருந்தும் ஒன்றுசேர்ந்த கதை உபுல் தரங்கவுடையது. 2011 உலகக் கிண்ணப் போட்டிகளின்போது எடுத்த மாதிரியில் பிரெட்னிசோலோன் வகை இருந்தது. நீண்டநாள் தோள் நோவுக்காக அவர் எடுத்த நாட்டு மருந்தின் மூலம் அது வந்தது. ஆட்டத்தில் அனுகூலம் பெறும் எண்ணம் இல்லை என்பதை விசாரணையாளர் ஏற்றார். ஆனாலும் மூன்று மாதத் தடை. வீரனின் உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு அவனே பொறுப்பு என்பதுதான் ஊக்கமருந்துச் சட்டத்தின் அடிப்படை. எண்ணம் தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது.

பரிசோதனையே பிழைத்ததும் உண்டு. குசல் ஜனித் பெரேராவை 2015 டிசம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து திருப்பி அழைத்தார்கள். 2016 மே மாதத்தில் கட்டார் ஆய்வுகூடம் தன் முடிவை மீளப் பெற்றது, அவர் குற்றமற்றவரானார். அதற்குள் உலக ரி20 கிண்ணம் முடிந்துபோயிருந்தது.

சொல்ல வேண்டுமா?

இனி அந்தச் சகோதரரின் இரண்டாவது கேள்வி. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம் எல்லாருக்கும் தெரியும். மழையில் நனைந்தது அந்த மனிதரின் குற்றமல்ல. நனைந்ததை அடியில் வைத்ததுதான் பிரச்சினை. முழங்கால் கிழிந்ததும் பையனின் குற்றமல்ல.

ஃபிக்ஹ் நூல்களில் "கியாருல் ஐப்" என்று ஓர் உரிமை பேசப்படுகிறது. வாங்கும்போது தெரியாதிருந்த, முன்பே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம். குறையை அறிந்து வாங்கினால் அந்த உரிமை இல்லை. ஆகவே சொல்லி விற்பவன் விலையில் கொஞ்சம் இழக்கிறான், அதற்குப் பதிலாக வியாபாரம் முறியாது என்ற நிம்மதியைப் பெறுகிறான். மனிதன் சரக்கு அல்ல என்பது வேறு விடயம். வீரனின் ஒப்பந்தம் விற்பனை அல்ல, இஜாரா, அதாவது உழைப்பைக் கூலிக்குக் கொடுப்பது. ஆனால் மறைத்தல் அங்கேயும் மறைத்தல்தான். இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. ஜம்இய்யத்துல் உலமாக் கிளையில் கேட்டுக்கொள்ளும்படி அவருக்கும் சொன்னேன்.

ஊசி விடயத்தில் மட்டும் நான் கடுமையாகப் பேசினேன். நோவையும் வீக்கத்தையும் உடனே அடக்கும் ஊசிகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீரொய்ட் வகை. 2022 ஜனவரி 1 முதல், உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் பட்டியல்படி, போட்டிக் காலத்தில் இவ்வகை மருந்தை ஊசியாக எந்த வழியில் செலுத்தினாலும் தடை. மூட்டுக்குள் போடுவதும் அதில் அடங்கும். ட்ரமடோல் என்ற நோவு மாத்திரை 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. வைத்தியர் எழுதிக் கொடுத்தார் என்பது தானாகவே மன்னிப்பு ஆகாது. சிகிச்சைக்கான விலக்கு அனுமதி என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இலங்கையிலும் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இதற்கென ஒரு முகவர் நிலையம் இயங்குகிறது. வேண்டுமென்று செய்ததாக முடிவானால் தடை நான்கு வருடம் வரை போகலாம். இருபது வயதுப் பையனுக்கு நான்கு வருடம் என்பது கழிவு அல்ல, மூட்டையே போவது. அதோடு, நோவு தெரியாமல் ஆடினால் தைத்த நார் மீண்டும் கிழியலாம். நோவு என்பது உடம்பு தரும் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டு ஓடுவது எண்ணெய் விளக்கு எரியும்போது வயரைப் பிடுங்கிவிட்டு லொறி ஓட்டுவது போல.

எவ்வளவு குறையும்? அதற்கு விலைப்பட்டியல் கிடையாது. ஆனால் எப்படிக் குறைக்கலாம் என்பதற்கு வழி உண்டு. டலஸ் கழகம் துணிந்தது மூட்டைக்குள் பார்த்ததால்தானே? ஆகவே கழகத்துக்கும் மூட்டையைத் திறந்து காட்டுங்கள் என்றேன். சத்திரசிகிச்சைக் குறிப்பு, எம்.ஆர்.ஐ. படம், இயன்மருத்துவரின் அறிக்கை, மூன்றையும் ஒரு கோவையில் போட்டு முதல் நாளே கொடுக்கட்டும். வாய்வார்த்தையாக "கொஞ்சம் நோவு இருந்தது" என்று சொன்னால் கேட்பவன் மனதில் அது இரண்டு மடங்காகும். கடிதத்தில் இருந்தால் உள்ளபடியே இருக்கும். சம்பளத்தையும் ஒரே தொகையாகப் பேசாமல், அடிப்படை குறைவாகவும் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனிக்கொடுப்பனவாகவும் கேட்கலாம். முழங்கால் தாங்கினால் பையனுக்கு இலாபம், தாங்காவிட்டால் கழகத்துக்குப் பெரிய நட்டமில்லை. நாம் தவணைக்குச் சரக்கு எடுக்கும்போது "போனது போக மிச்சம் திருப்பித் தாறன்" என்று பேசுவதில்லையா, அதுபோல. சிகிச்சைச் செலவு யாருடையது என்பதை மட்டும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். நமது பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான்.

"பொடியன் கேக்க மாட்டான் நானா" என்றார் தகப்பன்.

"அவனையே கூட்டிக்கொண்டு வாங்க தம்பி" என்றேன். வந்தான். அரைமணி நேரம் பேசினோம். ஊசி வேண்டாம் என்பதற்கு உடனே ஒத்துக்கொண்டான். கோவையைக் கொடுப்பதற்குத்தான் தயங்கினான். போன மாதம் கழகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். உடனே நிராகரிக்கவில்லை. தங்கள் வைத்தியர் ஒருமுறை பார்க்க வேண்டும், தேர்வை ஆறு வாரம் தள்ளி வைக்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. அதுவரை இணுவிலில் ஓர் இயன்மருத்துவரிடம் காலையிலும் மாலையிலும் போய்வருகிறான். இடைப்பட்ட நேரத்தில் தகப்பனின் கடையில் நிறுவையில் நிற்கிறான்.